நீதிமன்ற வாயிலில் கட்டணம்

நீதிமன்றத்தை நடத்தப் பொருள் வேண்டும். நீதிபதிக்கும் எழுத்தர்க்கும் ஊதியம், கட்டடப் பராமரிப்பு எனச் செலவுகள் பல. உரிமையியல், குடும்ப நீதிமன்றங்களின் செலவை வழக்காடுவோரிடமிருந்தே பெற வேண்டும் என்னும் கொள்கை இங்கிலாந்தில் பல்லாண்டுகளாக வேரூன்றியுள்ளது.

மேலோட்டமாக நோக்கின் இது நியாயமாகவே தோன்றும். இருவர் பூசலுக்கு ஊரார் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்று வினவலாம். வறியோர்க்குக் கட்டணச் சலுகையும் அங்கு உண்டு. சிறு கட்டணம் வீண் வழக்குகளைக் குறைக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், செலவு முழுவதையும் வழக்காடுவோர் மீதே சுமத்துவதை என் மனம் ஏற்கவில்லை.

விலை மிகுந்தால் வேறு கடைக்குச் செல்லலாம். மணவிலக்கு வேண்டுவோர் எங்கே செல்வர்? சட்டப்படி மண உறவை முறிக்க நீதிமன்றமன்றி வேறு வாயில் இல்லை. அங்கு மணவிலக்கு மனுவுக்கான கட்டணம் 2016 மார்ச்சில் 410 பவுனிலிருந்து 550 பவுனாக உயர்ந்தது. அம்மனுவை ஆய்வதற்கு ஆகும் செலவினும் இது மிகுதியாகும். செலவை ஈடுகட்டப் புறப்பட்ட கொள்கை, அதற்கு மேலும் பெறுவதில் வந்து நின்றது.

தொழிலாளர் தீர்ப்பாயங்களையும் இக்கொள்கை விடவில்லை. அதுவரை கட்டணமின்றி நடந்த அத்தீர்ப்பாயங்களில், 2013 ஜூலை முதல், முறையற்ற பணிநீக்கத்தை எதிர்ப்பவர் விசாரணை வரை செல்ல 1,200 பவுன் செலுத்த நேர்ந்தது. வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. குறைந்தவை வழக்குகளே, கொடுமைகள் அல்ல! 2017 ஜூலை 26இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அக்கட்டணம் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. வழக்கினால் பயன் பெறுவோர் வழக்காடுவோர் மட்டுமே எனக் கருதுவது தவறு என்றும் அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது.

இதற்குச் சான்றாக அத்தீர்ப்பே சுட்டும் வழக்கொன்று உண்டு. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் டொனஹியூ என்னும் பெண்மணி அருந்திய இஞ்சிப் பானத்தின் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாக வழக்கெழுந்தது. அவர் வறியவர். அவ்வறுமையைக் கருதி, செலவுக்குப் பிணை கட்டாமலே மேல்முறையீடு செய்யப் பிரபுக்கள் சபை இசைந்தது. 1932இல் வந்த தீர்ப்பு, பொருளை உண்டாக்குவோர் அதை நுகர்வோர்பால் கவனக் கடமை உடையவர் என்று நிலைநாட்டியது. மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இன்று அந்நெறியைப் பின்பற்றுகின்றன. வழக்குத் தொடுத்தவர் ஒருவர். பயன் துய்ப்போர் நாம் அனைவரும் அன்றோ?

ஒற்றைச் சிலம்புடன் நின்ற கண்ணகியை வாயிலோன் கட்டணம் கேட்டுத் தடுத்திருந்தால், கோவலன் கள்வனாகவே எஞ்சியிருப்பான். தன் கோல் வளைந்ததைப் பாண்டியனும் அறிந்திரான். முறையிட வருபவர் தமக்காக மட்டும் வருவதில்லை. நாட்டின் கோல் நேராக நிற்கிறதா என்று சோதிக்கவும் வருகிறார். அச்சோதனைக்கு ஆகும் செலவில் நாட்டுக்கும் பங்குண்டு.