தென்னேரிக்கு மனை பார்க்கப் போனேன்!

சென்னையில் வாடகை கொடுத்தே அலுத்துப் போன ஆசாமிகளில் நானும் ஒருவன். ‘ஏரிப் பக்கம் மனை ஸார், தண்ணிக் கஷ்டமே வராது’ என்று தரகர் போனில் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பைக்கை உதைத்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, சுங்குவார்சத்திரத்தில் வாலாஜாபாத் ரோடு பிடித்தால் தென்னேரி.

கரை மேல் ஏறியதும் வாயைப் பிளந்தேன். ஏரியா அது? குட்டிக் கடல்! தொண்டைமான் இளந்திரையன் பெயரில் ‘திரையன் ஏரி’யாக இருந்து, அதுதான் தென்னேரி என்று மருவியதாகச் சொல்கிறார்கள். ராஜா போய்விட்டார். ஏரி இருக்கிறது.

தரகர் காட்டிய மனையும் ஜோர்தான். சமப்படுத்திய நிலம், மூலைக்கு மூலை பெயிண்ட் அடித்த கல். ‘அட்வான்ஸ் எவ்வளவு?’ என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் மாடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் முந்திக் கொண்டார்.

“மனை பாக்க வந்தியா, தம்பி?”

“ஆமாங்கய்யா.”

“ஐப்பசி, கார்த்திகையில ஒரு தபா வந்து பாரு. ஏரி ரொம்பினா கலங்கல் தண்ணி இப்படித்தான் போவும்.”

தரகர் அவசரமாக செல்போனைக் காதில் வைத்துக் கொண்டார். மணி அடித்ததாக எனக்கு ஞாபகமில்லை!

பெரியவர் விளக்கினார். இந்த ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாகக் கீழே இருக்கும் ஏரிக்கு. அது நிரம்பினால் அடுத்ததற்கு. பேய்மழையில் வெள்ளத்துக்கு பிரேக். கோடையில் கிணறுகளில் ஊற்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறை கணக்கில் மட்டும் 381 ஏரிகள்.

இதைத்தான் உலகம் இப்போது பெரிய பெயர் வைத்துப் பேசுகிறது. பருவநிலை மாறுகிறது, மழை கொட்டினால் கொட்டுகிறது, பொய்த்தால் பொய்க்கிறது. சிமென்ட்டை மட்டும் நம்பாமல் ஏரி, சதுப்பு, காடு இவற்றைக் கொண்டே தாக்குப் பிடியுங்கள் என்கிறது ஐ.நா.வின் பல்லுயிர் உடன்படிக்கை. 2018-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நாடுகள் கூடி அதற்கு வழிகாட்டு நெறிகளையும் ஏற்றுக் கொண்டன. உள்ளூர் ஜனங்களையும் அவர்களின் பழைய அறிவையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று அதிலேயே இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஒரே ஒரு சங்கடம்... எல்லாம் ‘விருப்பத்தின் பேரில்’! ஆபீசில் அப்படி ஒரு சர்க்குலர் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக் கொள்ள ‘ஏரி வாரியம்’. குடவோலை போட்டு ஆள் எடுப்பார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். (நான் அவுட்!) முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் சொந்தக்காரர்களும் வர முடியாது. பி.காம். படித்த எனக்கு அங்கேயே ஒரு கும்பிடு போடத் தோன்றியது. விருப்பமாவது, கிருப்பமாவது! கணக்கைக் கொண்டா, அப்புறம் பேசு.

ஏரி ஒரு சொத்து என்றால் அதற்குத் தேய்மானமும் உண்டு. வருஷா வருஷம் வண்டல் படியும். கரை கரையும். வரத்துக் கால்வாயில் செடி மண்டும். அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது. வண்டல் வயலுக்கு எருவாகப் போனது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிறவன்தான் ஏரிக்காக மண்வெட்டி தூக்குவான். வயலெல்லாம் மனையாகிவிட்டால் யார் தூக்குவார்கள்? நானா? கலங்கல் வழியில் வீடு கட்டிக் கொண்டு, ஏரி நிரம்பக் கூடாதே என்று சாமி கும்பிடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்!

2015 டிசம்பரில் சென்னையில் மாடி வரை தண்ணீர். 2019 ஜூனில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓட்டம். அதே ஊர், அதே நாம். நடுவில் மூன்றரை வருஷம்தான்.

மனை வாங்கவில்லை. தரகர் இன்னும் போன் செய்கிறார். “ஸார், வேற பார்ட்டி ரெடியா இருக்கு!”

இருக்கும். அந்தப் பார்ட்டி நீங்களாக இருந்தால்... கார்த்திகையில் ஒரு தபா போய்ப் பாருங்க ஸார்.