லாடத்தைப் பாருங்க பாஸ்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில ஏறினா காவலூர். வைணு பாப்பு வானோக்கு நிலையத்துல 1986-ல் திறக்கப்பட்ட பெரிய டெலஸ்கோப் இங்கேதான் இருக்கு. எல்லாரும் அதோட 2.34 மீட்டர் கண்ணாடியைப் பத்தித்தான் பேசுவாங்க. நீங்க அதைத் தாங்குற ராட்சச குதிரை லாடத்தைப் பாருங்க. அதுதான் மவுன்ட்!

காவலூரின் அட்சரேகை சுமார் 12.5 டிகிரி. அதே கோணத்துல அச்சைச் சாய்ச்சு, வடதுருவ நட்சத்திரப் பக்கமா நிறுத்தியிருக்காங்க. நட்சத்திரம் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகருதா? லாடமும் கூடவே சுத்தும். போட்டோ கோடா இழுபடாது.

டெலஸ்கோப்புக்குக் காசு சேர்க்குற ஹாஸ்டல் மக்களே, மொத்தப் பணத்தையும் குழாயில போட்டுட்டு நோஞ்சான் ஸ்டாண்ட் வாங்கினா, சனி கிரகம் குத்தாட்டம் போடும். வெறுமனே பார்க்க, பலகையில செஞ்ச டாப்சோனியன் போதும், மலிவு, ஆடாது. நெபுலாவைப் படம்பிடிக்கணுமா? மோட்டார் வெச்ச ஈக்வடோரியல் மவுன்ட் வேணும். கேமராவோட சேர்த்து எடை, மவுன்ட் தாங்கும்னு சொல்ற அளவுல பாதியைத் தாண்டாம இருந்தா நல்லது.

இன்னொண்ணு. சில மவுன்ட்கள் 15 டிகிரிக்குக் கீழே இறங்காது. சென்னைக்கு 13, நாகர்கோவிலுக்கு 8. கடைக்காரர்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க.