வெள்ளிக்கிழமைப் பாஸ்தா

வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில் சைவம். பலெர்மோத் தமிழ்ச்சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு, முருகனுக்கு விரதமும் பிடிக்கிற ஆட்கள் நாங்கள்.

பிரச்சினை நேரம்தான். எனக்கு ரெஸ்ரோரண்டில் குசினி வேலை. மத்தியான வேலை முடிந்து ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு வர நாலு மணி. ஆறரைக்குத் திரும்ப ஓடவேணும். அதுக்குள் சோறு, பருப்பு, இரண்டு கறி என்றால் நித்திரை இல்லை. "பிள்ளைகளுக்காவது வெள்ளிச் சைவத்தை விட்டால் என்ன?" என்று மனிசி ஒருக்கால் கேட்டா. கேட்டது நியாயம்தான்.

ஆனால் இது அம்மாவின் நேர்த்தி. 1996 இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போன தம்பி திரும்பி வரவில்லை. அவன் வரும்வரை வெள்ளியில் வீட்டில் மச்சம் இல்லை என்று அம்மா நேர்ந்துவிட்டா. 2011 இல் அம்மாவும் போய்விட்டா. தம்பி இன்னும் வரவில்லை. நேர்த்தி அப்படியே நிற்குது.

ஆகவே பாஸ்தா. இருபத்தைந்து நிமிசம் போதும்.

பாஸ்தா என்றால் சைவம்தானே என்று சொல்லுவார்கள். பொறுங்கோ. கடையில் காய்ந்த பாஸ்தாவாக வாங்குங்கோ, அது கோதுமை ரவையும் தண்ணியும். பச்சைப் பாஸ்தாவில் அநேகமாக முட்டை இருக்கும். அடுத்தது சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குப் பால் திரைக்கிறது கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கிற ரென்னெட்டால். அந்தப் பெயரில் விற்க வேறு எதுவும் பாவிக்கக் கூடாது என்பது விதி. சிசிலிப் பெக்கொரீனோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, எங்கட வீட்டில் வெள்ளிக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

அதுக்கு மாற்று இந்த ஊர் ஏழைச் சனமே கண்டுபிடித்து வைத்திருக்கு. சீஸ் வாங்க வழியில்லாதவர்கள் பழைய பாணைத் தூளாக்கி, ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவினார்கள். மொல்லிக்கா என்று பெயர். அடுப்பை விட்டு அசையக்கூடாது, ஒரு நிமிசத்தில் கருகும்.

கோடை காலத்தில் பல்லரோச் சந்தையில் தெனெரூமி என்று பெரிய கட்டுக் கீரை குவித்திருப்பார்கள். பார்த்தால் வேறொன்றும் இல்லை, எங்கட சுரைக் கொடியின் கொழுந்து! காய் மட்டும் புடலங்காய் மாதிரி நீளம். ஊரில் நாங்கள் காயோடு நின்றுவிட்டோம், இவர்கள் கொழுந்தையும் விடுகிறதில்லை. முற்றின தண்டையும் சுருளையும் கழித்துவிட்டு, அரிந்து, உப்புத் தண்ணியில் பத்து நிமிசம் அவியுங்கோ. அதே தண்ணியில் நாலு பேருக்கு 300 கிராம் ஸ்பகெட்டியைப் பெருவிரல் நீளத்துக்கு முறித்துப் போடுங்கோ. அது வேக, பக்கத்து அடுப்பில் தாச்சி வைத்து எண்ணெய், உள்ளி மூன்று பல்லு, செத்தல் மிளகாய், மூன்று தக்காளிப்பழம். தக்காளி கரைந்ததும் பானைக்குள் கொட்டுங்கோ. தண்ணியை வடிக்கவேண்டாம், கொஞ்சம் தளர்வாக இருக்கவேணும். மேலே மொல்லிக்கா.

வேற்று நாட்டுச் சாப்பாட்டில் விரதமா என்று ஊரில் இருந்து மாமி ஒருத்தி போனில் கேட்டா. சென்ட்ராலேயில் தெர்மினி பக்கம் போகிற ரயிலில் ஏறினால் திராபியா என்று ஒரு ஊர் வரும். 1154 இல் அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதிய புத்தகத்தில், அங்கே மாவில் இழை செய்து கப்பலில் தூர நாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று இருக்கு. எங்கட இடியப்பத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று மாமிக்குச் சொன்னேன். "அப்ப சம்பல் எங்க?" என்றா.

செப்டெம்பரோடு தெனெரூமி முடிந்துவிடும். பிறகு உள்ளி, மிளகாய், எண்ணெய், மொல்லிக்கா மட்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் உள்ளியும் இல்லை, பெருங்காயம் ஒரு சிட்டிகை. இதை மட்டும் எங்கட இத்தாலிக்காரச் செஃப்புக்குச் சொல்லிவிடாதேயுங்கோ.