ஒத்தக்கடைக்கு வந்த இத்தாலிப் பாட்டில்

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, உட்கார்ந்து வேர்வையைத் துடைப்பதற்குள் ஒத்தக்கடை வந்துவிடுகிறது. கண்டக்டர் குரல் கொடுக்கும் முன்பே யானைமலை கண்ணில் பட்டுவிடும். துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை மாதிரி, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை! அதன் அடிவாரத்தில்தான் நரசிங்கம் குடைவரைக் கோயில். கி.பி. 770-ல் பாண்டிய மன்னரின் அமைச்சர் மாறன்காரி குடைவித்தது. பக்கத்திலேயே 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி.

என் நாத்தனார் வீடு இந்த ஊரில்தான். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று பார்க்கப் போயிருந்தேன். ஏழு மாதம். "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க அத்தை" என்றாள், முகம் வாடி.

அவள் தம்பி உல்லாசக் கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருக்கிறவன். லீவில் வந்தவன் இத்தாலியிலிருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தான். 'கியான்டி' என்ற சிவப்பு ஒயின். டஸ்கனி பகுதியில் 'சாஞ்சோவேசே' என்கிற திராட்சையில் செய்வார்களாம்.

பாட்டிலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு ஒரே உற்சாகம். "தெனம் ஒரு மூடி குடிக்கச் சொல்லு. ரத்தம் ஊறும், பிள்ளையும் செவப்பாப் பொறக்கும்!" மகளின் பார்வையும் பாட்டில் பக்கம் போனது. எனக்குச் சொரேர் என்றது.

பேச்சை மாற்ற, "இதை எப்படிடா ருசி பார்ப்பாங்க?" என்று பையனைக் கேட்டேன்.

"முதல்ல வெள்ளைத் துணிக்கு எதிரே பிடிச்சு நிறம் பார்க்கணும் அத்தை. அப்புறம் கிளாஸைச் சுழற்றி வாசம் பிடிக்கணும். கடைசியில ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தணும். முதல்ல புளிப்பு தெரியும், பின்னாலேயே வாய் வறண்டு இழுக்கும்."

"கொட்டைப்பாக்கைக் கடிச்சா இழுக்குமே, அது மாதிரியா?"

"அதேதான் அத்தை!"

அந்தத் துவர்ப்புக்கு 'டானின்' என்று பெயர். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது. சிவப்பு நிறமும் தோலில் இருந்து வருவதுதான். கொழுப்புள்ள இறைச்சி, பாலாடைக்கட்டி இவற்றோடு சேரும்போது துவர்ப்பு அடங்கிப்போகிறது. புளிப்பு தக்காளிச் சாறோடு ஒத்துப்போகிறது. கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு நாம் ரசம் ஊற்றிக்கொள்வதும், பொங்கலுக்குக் கொத்சு தேடுவதும் இதே கணக்குத்தானே!

"நம்ம சுக்கா வறுவலுக்கு?" என்றேன்.

"ஆகாது அத்தை. மிளகாயோட சேர்ந்தா காரம் இன்னும் எரியும். இனிப்பா எதுனாச்சும்தான் காரத்தை அடக்கும்."

அப்போதுதான் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். ஒயினில் நூற்றுக்கு 12, 13 பங்கு சாராயச் சத்து இருக்கிறது. தாய் குடித்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும். இதனால் குழந்தைகளுக்கு வரும் மூளைக் குறைபாட்டுக்கும் உருவக் குறைபாட்டுக்கும் 1973-ல் அமெரிக்க டாக்டர்கள் தனிப் பெயரே வைத்தார்கள். மது எவ்வளவு குறைந்தாலும் பத்திரம் என்று சொல்ல முடியாது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்துவிட்டது. ஒரு மூடியானாலும் கர்ப்பிணிக்கு வேண்டாம். பிள்ளையின் நிறம் பெற்றவர்கள் வழியாக வருவது. ஒயினின் சிவப்பு பழத்தோலின் சாயம், ரத்தத்தில் ஏறாது!

ரத்தம் ஊற வேறு வழி இருக்கிறது. டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ கூடாது. அதிலுள்ள துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது.

பையனுக்கு முகம் சின்னதாகிவிட்டது. "கடைத்தெருவுக்கு வா" என்று கூட்டிப்போய், தள்ளுவண்டியில் 1 கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறதே, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே பழம். நன்றாகக் கழுவி, தோலோடு மசித்து, லேசாகச் சூடு காட்டி வடிகட்டினோம். சர்க்கரையே வேண்டியிருக்கவில்லை. இதை அன்றன்றே குடித்துவிட வேண்டும், வைத்தால் புளித்துவிடும். கர்ப்ப கால நீரிழிவு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மத்தியானம் மிளகுக் கறியோடு ஆளுக்கு அரை டம்ளர். பையன் கப்பல் வழக்கப்படி வெள்ளைத் துண்டுக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்தான், மோந்தான், ஒரு வாய் குடித்தான். "காரத்துக்கு இதுதான் ஜோடி அத்தை!" என்று சிரித்தான். மகளும் சிரித்தாள்.

பாட்டிலை அவனே துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

அப்பத்தா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குப் போயி எதுக்குடா கப்பலேறணும்? கம்பத்துக்கு பஸ் இல்லையாக்கும்?"