பிழைக்க வந்த ஊர் தந்த பெயர்

தமிழ்க் கலைஞர்கள் தம் பெயருக்கு முன்னே ஊர்ப்பெயரைச் சூடிக்கொள்வது பழைய வழக்கம். சீர்காழி கோவிந்தராஜன் சீர்காழியிலேயே பிறந்தவர். பிறந்த ஊரின் பெயராலன்றி, பணிக்காகச் சென்ற ஊரின் பெயரால் புகழ்பெற்றவரும் உண்டு. அவர்தாம் நடிகர் டெல்லி கணேஷ்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1944ஆம் ஆண்டு பிறந்த கணேசன், 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய வான்படையில் பணியாற்றினார். தில்லியில் வாழ்ந்தபோது, இங்குள்ள தமிழர் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். வேலை நிமித்தம் தலைநகருக்கு வந்த தமிழர்க்கு அந்நாளில் தாய்மொழியைச் செவியாரக் கேட்கும் இடங்களுள் ஒன்றாக நாடக மேடை விளங்கியது. அம்மேடையே அவருக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. பின்னர்ச் சென்னை சென்ற அவரை, இயக்குநர் கே. பாலசந்தர் 1977இல் ‘பட்டினப் பிரவேசம்’ திரைப்படத்தில் அறிமுகப்படுத்தினார். ‘டெல்லி கணேஷ்’ என்னும் பெயரையும் சூட்டினார்.

நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார். பெரும்பாலும் தந்தை, சமையற்காரர், உறவினர் போன்ற துணைப் பாத்திரங்களே அவருக்கு வாய்த்தன. ‘பசி’ படத்தில் வறுமையில் உழலும் ரிக்‌ஷாத் தொழிலாளியாக நடித்துத் தமிழக அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றார். ‘சிந்து பைரவி’யில் குடிப்பழக்கத்தால் மேடையை இழக்கும் மிருதங்கக் கலைஞராக வந்தார். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயரானார். திருமண விருந்துக்குரிய சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் அவர் நம்மைச் சிரிக்கவைக்க முயல்வதே இல்லை, மெய்யாகவே பதறுகிறார். அந்தப் பதற்றத்தைக் கண்டுதான் நாம் சிரிக்கிறோம். அவருடைய நகைச்சுவையின் நுட்பம் இதுவே.

இவரைப் பற்றி வகுப்பில் கூறியபோது ஒரு மாணவி எழுந்து, “அம்மா, அவர் தில்லிக்காரரா, தமிழ்நாட்டுக்காரரா?” என்று வினவினாள். “எங்களை ஊரில் ‘தில்லிப் பிள்ளைகள்’ என்கிறார்கள், இங்கே ‘மதராசி’ என்கிறார்கள். நாங்கள் யார்?” என்றும் கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. பணிமாற்றத்தால் குடும்பத்தைப் பிரிந்து இங்கு வாழும் எனக்கும் அக்கேள்வி புதியதன்று. “இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டுமென்று யார் சொன்னது? அவர் தம் பெயரில் தில்லியை வைத்துக்கொண்டார், நாவில் தமிழை வைத்துக்கொண்டார்” என்றேன். அவள் சற்றே புன்னகைத்து அமர்ந்தாள்.

2024 நவம்பர் 9 அன்று அவர் சென்னையில் காலமானார். முன்னாள் வீரரான அவருக்கு வான்படையினர் இறுதி மரியாதை செலுத்தினர்.

மாணவர்களே! உங்கள் குடும்பத்தினர் தில்லிக்கு எப்போது வந்தனர், எதற்காக வந்தனர், தமிழைக் கேட்க இங்கே எவ்விடம் சென்றனர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். அவற்றை உங்கள் ஏட்டில் தமிழிலேயே எழுதுங்கள்.