ஒரு நாழிகை

எங்கள் தெருவுக்குக் கூர்க்கா வருவது இரவு இரண்டு மணி சுமாருக்கு. முதலில் தடி தரையில் தட்டும் ஓசை, பிறகு நீளமாக ஒரு விசில். பல வருடம் அந்த விசிலை நான் கேட்டதே இல்லை. தூங்குகிறவன் காதில் அது விழாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழை பெய்து ஓய்ந்த ஓர் ஐப்பசி இரவில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். கனவு எதுவும் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு பாதியிலேயே முட்டியது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போயின. செத்துவிடப் போகிறேன் என்று தோன்றியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவியை எழுப்ப நாக்கு எழவில்லை. அப்போதுதான் தெருக்கோடியில் அந்த விசில் கேட்டது.

மறுநாள் ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. ஆனால் அடுத்த வாரமும் அது வந்தது. கடைசியில் மனநல மருத்துவர்தான் அதற்குப் பெயர் சொன்னார்: பேனிக் அட்டாக். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அது வேறு. அதில் விழிப்பு வந்தும் உடம்பு அசையாது. இதில் துள்ளி எழுந்துவிடுவோம். இல்லாத ஆபத்துக்காக உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பது அதனால்தான். காற்றே இல்லை என்று தவிக்கும் அந்த நேரத்தில் உண்மையில் காற்றை அதிகமாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே மூச்சை இழுப்பதில் அவசரப்படாமல், விடுவதை நீளமாக்க வேண்டும்.

"பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிரும் சார். பெரும்பாலும் அரை மணிக்குள்ள இறங்கிரும்" என்றார் மருத்துவர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கணக்கு மனதில் உருண்டுகொண்டே இருந்தது. 24 நிமிடம் ஒரு நாழிகை. அத்தனை பெரிய பயத்தின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாழிகைதானா?

நாழிகை என்றதும் எனக்கு முல்லைப்பாட்டு ஞாபகம் வந்தது. நப்பூதனார் பாடியது, 103 அடிகள், பத்துப்பாட்டில் ஆகச் சிறியது. தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் பாட்டு என்றுதான் கல்லூரியில் படித்தேன். அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தபோது தலைவியைவிடப் பாசறையில் கிடந்த அந்தத் தலைவனான அரசன்தான் என்னைப் பிடித்துக்கொண்டான். யவனர் அமைத்த கூடாரம், புலி உருவச் சங்கிலி, உள்ளே விளக்கு, காவலுக்கு ஆட்கள். எல்லாம் இருந்தும் அவனுக்குத் தூக்கம் இல்லை. வெட்டுப்பட்டுப் பெண் யானைகளை மறந்த களிறுகளை நினைக்கிறான். உண்ட சோற்றுக் கடனுக்காக உயிர் கொடுத்த வீரர்களை நினைக்கிறான். அம்பு தைத்ததால் செவி சாய்த்து, தீனி தின்னாமல் வாடும் குதிரைகளை நினைக்கிறான். கூடாரத்துக்கு வெளியே அன்றைய போர் ஓய்ந்துவிட்டது. அவன் உடம்புக்குள் ஓயவில்லை. எனக்குப் போர்க்களம் கிடையாது. ஆனால் தீனி தின்னாமல் நிற்கும் அந்தக் குதிரையை எனக்குத் தெரியும்.

அந்தக் கூடாரத்தைச் சுற்றி, துணியைப் போர்த்திய முதிய காவலர்கள் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு அசைந்தசைந்து நடக்கிறார்கள். நாழிகைக் கணக்கர் வந்து கும்பிட்டு, நீர்க்கடிகையைப் பார்த்து, இத்தனை நாழிகை ஆயிற்று என்று அரசனிடம் சொல்கிறார்கள். அவர்கள் அவனுக்குத் தூக்கத்தைத் தரவில்லை. இரவு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான்.

படுக்கையறைக் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினேன். தூங்க இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று எண்ணுவது தூக்கத்தைத் துரத்தும். பயம் இறங்க ஒரு நாழிகை என்று எண்ணுவது அதைத் தாங்க வைக்கும். இரண்டும் ஒரே எண்ணிக்கை அல்ல. மத்தியானத்துக்குப் பிறகு காப்பியை நிறுத்தினேன். எப்போது தூங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுகிறேன். தூக்கம் பிடிக்காவிட்டால் புரளாமல் எழுந்து வாசற்படியில் உட்காருகிறேன். கண் சொக்கினால்தான் திரும்புகிறேன். இவற்றோடு சில மாதங்கள் மருத்துவரிடம் பேசியதும் சேர்ந்துதான் பயத்தின் பிடி தளர்ந்தது. இப்போதும் எப்போதாவது வருகிறது. வந்தால், போய்விடும் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் வாசலில் என்னைப் பார்த்துக் கூர்க்கா நின்றார்.

"தூக்கம் வரலியா சாப்?"

"வரலைங்க."

"நாலு மணி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரலாம். முதல் முறை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாரடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். பயம்தான் என்று தெரிந்தபிறகு, "இதுக்கெல்லாமா பயப்படுறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேச ஆள் இல்லாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு முழுக்க விழித்திருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால், விளக்கைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு நாழிகை கூடவே உட்காருங்கள்.