‘டிடின்ட் வென்ட்’ என்றால் உடனே சிரிக்க வேண்டுமா?

எங்கள் எம்.கே.பி. நகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து டியூஷன் சத்தம் கேட்கும். “கோ - வென்ட் - கான், ஈட் - ஏட் - ஈட்டன்” என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள். ராகம் மனசில் நின்றுவிடும். பேச வாயைத் திறக்கும்போதுதான் ‘கோ’ எங்கே, ‘வென்ட்’ எங்கே என்ற குழப்பம் வரும்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், டிப்ளமோ முடித்தவன், துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனான். “இதுக்கு முன்னாடி எங்கேயாவது வேலைக்குப் போனியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். “நோ சார், ஐ டிடின்ட் வென்ட்” என்றிருக்கிறான். கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். “அதுக்கப்புறம் தெரிஞ்சதைக்கூட சொல்லலக்கா. வாயே வரல” என்றான். ‘இன்னா’, ‘கீது’ என்று எங்கள் தமிழையே கிண்டலடித்துக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆங்கிலத்திலும் சிரித்தால் பிள்ளைகள் எந்த மொழியில்தான் பேசுவார்கள்?

உண்மையில் தம்பியைக் குழப்பியது அவனுடைய அறிவுக் குறைவு இல்லை. ஆங்கிலத்தில் இறந்த காலத்துக்கு ‘எட்’ சேர்த்தால் போதும் என்பது விதி. ஆனால் போ, வா, பார், எடு, செய், சொல் என்று தினமும் புழங்கும் சொற்கள்தான் விதியை மீறுகின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல், பழைய ஆங்கிலத்தில் இப்படி விதியை மீறிய 177 வினைச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் இன்றும் விதிக்கு அடங்காமல் இருப்பவை 98. அதிகம் பேசப்படும் சொல் பழைய உருவத்தை விடாது. குறைவாகப் பேசப்படுவது சீக்கிரம் விதிக்குள் வந்துவிடும் என்பது அவர்களின் முடிவு. ‘ஹெல்ப்’புக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்றுதான் இறந்த காலம். இப்போது ‘ஹெல்ப்டு’. ‘வென்ட்’டோ ‘கோ’வின் சொந்தப் பிள்ளையே இல்லை. வேறொரு வினைச்சொல்லிடமிருந்து வந்த தத்துப்பிள்ளை! ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் சின்ன வயதில் ‘கோடு’ என்று சொல்லித்தான் பிறகு ‘வென்ட்’டுக்கு வருகிறார்கள்.

தமிழ் மட்டும் என்ன லேசா? படித்தேன், கேட்டேன், நின்றேன், ஓடினேன்... ஒவ்வொன்றுக்கும் இறந்த காலம் ஒவ்வொரு மாதிரி. த், ட், ற், இன் என்று நன்னூலே நான்கு இடைநிலைகளைச் சொல்கிறது. நாம் அட்டவணை போட்டா படித்தோம்? பேசிப் பேசி வந்தது.

எம்.கே.பி. என்றால் மகாகவி பாரதி. 1904-ல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் சேர்ந்த பாரதி, அங்கே ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினார். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கும் பாதி நாள் அதே வேலைதான். ‘டிட் நாட் கோ’ என்று வரும் வரியைப் ‘போகவில்லை’ என்று டைப் செய்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ‘போனேன்’ என்கிறோம். ஆனால் ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இல்லை’ வந்ததும் ‘போன’ என்பது ‘போக’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘டிட்’ வந்ததும் ‘வென்ட்’ மறுபடி ‘கோ’ ஆகிவிடும். இறந்த காலத்தை ‘டிட்’ தூக்கிக்கொண்ட பிறகு, ‘கோ’வும் எதற்குச் சுமக்க வேண்டும்? ‘டிட் யூ கோ?’ என்ற கேள்விக்கும் இதே கணக்கு.

தம்பியிடம் இதைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டான்.

டியூஷன் எடுக்கும் அக்கா, அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், வீட்டிலும் வேலையிலும் புழங்கும் முப்பது சொற்களை வாக்கியமாகப் பேச வையுங்கள். ‘நேற்று என்ன சாப்பிட்டாய்? என்ன சாப்பிடவில்லை?’ என்று கேட்டாலே ‘ஏட்’டும் ‘டிடின்ட் ஈட்’டும் சேர்ந்து வந்துவிடும்.

இன்டர்வியூ நாற்காலியில் உட்காருபவர்களுக்கும் ஒன்று. எதிரே இருப்பவர் சொல்ல வந்ததை முதலில் முழுசாகக் கேளுங்கள். ‘வென்ட்’டை ‘கோ’ ஆக்க இரண்டு நிமிடம் போதும். ஒருமுறை அடைத்துப்போன வாயைத் திறக்க வைக்க அது போதாது.